எவ்வளவு வர வேண்டும்?

வேதியியல் ஆய்வகத்தில் மாணவர்கள் மிகுதியாகக் கேட்கும் வினா எது என்று யாரேனும் வினவினால் தயங்காமல் சொல்வேன்: “எவ்வளவு வர வேண்டும்?” தரம் பார்த்தலில் முதல் அளவீட்டைக் குறிக்கும் முன்னரே, பல நேரங்களில் பியூரெட்டை நிரப்பும் முன்னரே, இவ்வினா எழுந்துவிடும். தமிழ்நாட்டில் மேனிலைப் பள்ளியில் பயின்ற காலத்தில் இது தமிழில் என் காதில் விழுந்தது. இப்போது கொல்கத்தாவில் முனைவர் பட்ட ஆய்வு மேற்கொண்டிருக்கிறேன். வாரத்தில் இரு பிற்பகல்கள் இளநிலை முதலாமாண்டு மாணவர்களின் ஆய்வகத்தில் உதவியாளராக நிற்பது என் பணிகளுள் ஒன்று. அங்கே அதே வினா வங்காளத்தில் வருகிறது: “கொதோ ஆஷ்பே, தாதா?” தாதா என்பது இங்கே அண்ணன், நம் திரைப்படங்களில் வரும் தாதாவை நினைத்துவிட வேண்டாம். ரயில் வழியில் 1,600 கிலோமீட்டருக்கு மேல் இடைவெளி, வினா ஒன்றே.

இது சோம்பலில் பிறந்த வினா என்று ஆசிரியர்கள் சிலர் சினங்கொள்வதுண்டு. நான் அவ்வாறு கருதவில்லை. மதிப்பெண் எங்கே இருக்கிறது என்பதைத் துல்லியமாக அறிந்துகொண்ட மாணவரின் வினா அது. அதனாலேயே அது கவலைக்குரியது. அண்மையில் ஆய்வகத்தில் நிகழ்ந்த ஒன்று இக்கவலையை எழுதத் தூண்டியது. அதைச் சொல்லும் முன், வேதியியலை நான் கற்ற வழியைச் சற்றே சொல்ல வேண்டும்.

பதினோராம் வகுப்பில் எனக்கு வேதியியல் மோலில் தொடங்கியது. தமிழ்வழி வகுப்பு. 12 கிராம் கார்பன்-12இல் அடங்கிய அணுக்களின் எண்ணிக்கைக்குச் சமமான துகள்களைக் கொண்ட பொருளின் அளவு ஒரு மோல் என்பது அன்றைய வரையறை. (2019 மே 20 முதல் இவ்வரையறை மாறிவிட்டது. 6.02214076 × 10²³ என்ற எண்ணே இப்போது வரையறை. கார்பனைத் துணைக்கு அழைக்க வேண்டியதில்லை.) வகுப்பில் எல்லோருக்கும் வரையறை மனப்பாடம். கணக்குகளும் போடுவோம். நிறையை மூலக்கூறு நிறையால் வகுத்தால் விடை வந்துவிடும். ஆனால் ‘மோல்’ என்ற சொல்லைக் கேட்டதும் மனத்தில் என்ன தோன்றுகிறது என்று கேட்டிருந்தால் எங்களில் ஒருவராலும் விடை கூறியிருக்க முடியாது.

எங்கள் வேதியியல் ஆசிரியை ஒருநாள் மளிகைக் கடையில் இரவல் வாங்கிய மின்னணுத் தராசுடன் வகுப்புக்கு வந்தார். ஒரு தம்ளரில் 18 கிராம் தண்ணீர் நிறுத்தார்; ஒரு மடக்குக்குக்கூடப் போதாத அளவு. ஒரு தாளில் உப்பு, 58.5 கிராம். இன்னொரு தாளில் சர்க்கரை, 342 கிராம்; தாள் கொள்ளாமல் மேசையில் சிந்தியது. மூன்றையும் வரிசையாக வைத்துவிட்டு, “இந்த மூன்றிலும் எண்ணிக்கை ஒன்றுதான்” என்றார். ஒரு டஜன் எலுமிச்சையும் ஒரு டஜன் பலாவும் எடையில் எவ்வளவு வேறுபட்டாலும் எண்ணிக்கையில் ஒன்று. எண்ண முடியாதவற்றை நிறுத்து எண்ணுகிறோம். வங்கியில் நாணய மூட்டையைப் பிரித்து எண்ணாமல் நிறுத்தே கணக்கிடலாம் அல்லவா, அதுபோல. உப்பில் தனித்தனி மூலக்கூறுகள் இல்லை, சோடியம் அயனியும் குளோரைடு அயனியும் இணைந்த ஓரலகைத்தான் எண்ணுகிறோம் என்பதையும் அன்றே சொன்னார். எனக்கு மோல் அன்றுதான் புரிந்தது.

அவ்வகுப்பில் நிகழ்ந்த இன்னொரு சிறு நிகழ்ச்சியை இன்றுவரை நான் மறக்கவில்லை. அத்தராசு ஒரு கிராமுக்குக் கீழே காட்டாது. ஆகவே உப்பை நிறுத்தபோது திரையில் 58 தெரிந்தது. இன்னும் சில பரல்கள் சேர்த்தால் 59 ஆனது. 58.5 வரவே இல்லை. கரும்பலகையில் எதை எழுதுவது? வகுப்பு ஒரே குரலில் “58.5” என்றது. ஆசிரியை 59 என்று எழுதினார். அடுத்த வரியில், “இத்தராசு அரை கிராமைக் காட்டாது” என்றும் எழுதினார். கருவி காட்டியது ஒரு வரி. அது ஏன் அப்படிக் காட்டியது என்பது மறு வரி. அவ்விரு வரிகளும் சேர்ந்ததே ஓர் அளவீடு என்பதைப் பின்னாளில் நான் பயின்ற பிழைக் கோட்பாட்டுப் பாடங்கள் இதைவிடத் தெளிவாகச் சொல்லவில்லை.

மறு ஆண்டு அவர் பணிமாறுதலில் சென்றுவிட்டார். பன்னிரண்டாம் வகுப்பில் ஆய்வகம் செய்முறைத் தேர்வுக்கு இரு மாதங்களுக்கு முன்புதான் திறந்தது. ரெக்கார்டு நோட்டு அதற்கு முன்பே எழுதி முடிக்கப்பட்டிருந்தது. செய்யாத சோதனைகளின் முடிவுகள் அழகிய கையெழுத்தில் கரும்பலகையிலிருந்து நோட்டுக்கு வந்திருந்தன. உப்புப் பகுப்பாய்வில் எந்த உப்புக்கு எந்த நிறம், எந்த மணம் என்ற பட்டியலை வரிசையாகச் சொல்லக்கூடியவர்கள் இருந்தனர். வீழ்படிவு விழும்வரை காத்திருக்கும் பொறுமை எவருக்கும் தேவைப்படவில்லை.

ஆயினும் ஆய்வகம் தன் வியப்பை முற்றிலும் மறைத்துக்கொள்ளவில்லை. ஆக்சாலிக் அமிலத்தைப் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டால் தரம் பார்க்கும் சோதனை. நீர்த்த கந்தக அமிலம் சேர்த்து, கூம்புக் குடுவையைக் கை பொறுக்கும் அளவுக்குச் சூடாக்கி, பியூரெட்டைத் திறந்தேன். முதல் துளியின் ஊதா நிறம் போகவில்லை. குடுவையைச் சுழற்றியபடியே நின்றேன். மெல்ல, மிக மெல்ல நிறம் மறைந்தது. இரண்டாம் துளி சற்று விரைவாக மறைந்தது. பத்தாவது துளி விழுந்த கணமே காணாமற்போனது. அதே அமிலம், அதே பெர்மாங்கனேட். தொடக்கத்தில் ஏன் இத்தனை தயக்கம்? பக்கத்தில் நின்ற ஆசிரியரிடம் கேட்டேன். “தேர்வில் அதைக் கேட்க மாட்டார்கள்” என்றார். இளநிலைப் படிப்பின் இரண்டாம் ஆண்டில்தான் விடை கிடைத்தது. வினையில் உருவாகும் மாங்கனீசு அயனியே அவ்வினையை விரைவுபடுத்துகிறது. முதல் துளிக்கு உதவ எவருமில்லை. பின்வரும் துளிகளுக்கு முன்சென்ற துளிகள் வழி அமைத்துவைத்திருக்கின்றன. இதற்குத் தன்வினையூக்கம் என்று பெயர். பெயரை அறிந்தபோது எனக்கிருந்த மகிழ்ச்சி, அந்த வினாவை ஈராண்டு சுமந்திருந்ததால் வந்தது.

இனி அண்மை நிகழ்ச்சிக்கு வருகிறேன்.

முதலாமாண்டு ஆய்வகத்தில் எளிய சோதனை: ஆக்சாலிக் அமிலக் கரைசலைக் கொண்டு சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலின் செறிவைக் காணுதல். ஆக்சாலிக் அமிலப் படிகத்தை நம்பி நிறுக்கலாம்; 1.576 கிராம் எடுத்து 250 மில்லி லிட்டராக்கினால் 0.1 நார்மல் கரைசல் கிடைக்கும். சோடியம் ஹைட்ராக்சைடு அப்படியன்று. நிறுத்துக்கொண்டிருக்கும்போதே காற்றிலிருந்து ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் உறிஞ்சும். ஆகவே அதன் தரத்தை நம்பகமான ஒன்றோடு ஒப்பிட்டே அறிய வேண்டும். தரம் பார்த்தல் என்ற தமிழ்ச் சொல் எவ்வளவு பொருத்தமானது என்பதை நான் இங்கு வந்துதான் உணர்ந்தேன். வீழ்படிவும் அத்தகைய சொல்லே. வங்காளப் பாடநூலில் அதனை ‘அதக்ஷேப்’ என்கின்றனர். கீழ்நோக்கி எறியப்பட்டது என்பது அதன் பொருள். நமக்கு வீழ்ந்து படிகிறது, அவர்களுக்கு எறியப்படுகிறது. இருவரும் ஒரே குடுவையின் அடியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

பிப்பெட்டில் 20 மில்லி லிட்டர் அமிலம், இரு துளி பினாப்தலீன், பியூரெட்டில் காரம். கரைசல்கள் மேசைக்கு ஒரு குப்பியாக வைக்கப்பட்டிருந்தன. முற்பகல் பிரிவினர் கேட்டறிந்து சொல்லிவிட்டதால், 20 மில்லி லிட்டரை ஒட்டி வரும் என்பது அனைவருக்கும் தெரிந்திருந்தது. மதிப்பெண் முறை அச்சிட்டு ஒட்டப்பட்டிருந்தது. ஆசிரியரின் அளவீட்டுக்கு 0.2 மில்லி லிட்டருக்குள் வந்தால் முழு மதிப்பெண். விலக விலகக் குறையும்.

கடைசி மேசையில் ஒரு மாணவி. மாநிலத்தின் மேற்கு மாவட்டம் ஒன்றிலிருந்து, வங்காளவழிப் பள்ளியில் பயின்று வந்தவர். ஆங்கிலத்தில் வினவினால் தலைகுனிந்து நிற்பார். வங்காளத்தில் கேட்டால் தெளிவாகச் சொல்வார். அன்று நோட்டை நீட்டினார். 22.4, 22.3, 22.4. பேனாவில் எழுதியிருந்தார்.

“எவ்வளவு வரும் என்று எனக்குத் தெரியும், தாதா. எனக்கு இப்படித்தான் வருகிறது. எங்கே தவறு என்று பார்த்துச் சொல்லுங்கள்.”

அருகிலிருந்த தோழி மெல்லிய குரலில் அவரிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். மாற்றிவிடு என்பதுதான் அது என்பதை அறிய மொழி தேவைப்படவில்லை.

இருவரும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பிப்பெட் 20 மில்லி லிட்டர்தான். பியூரெட்டின் நுனியில் காற்றுக் குமிழி இல்லை, அடைப்பான் ஒழுகவில்லை. கண் மட்டத்தில் வைத்துத்தான் அளவைப் படித்தார். என் முன்னிலையில் நான்காம் முறை செய்தார், 22.4. மூன்று அளவீடுகள் ஒன்றோடொன்று இவ்வளவு நெருக்கமாக இருக்கும்போது கையில் குறையில்லை என்று பொருள். குறை இருந்தால் அது கரைசலில்தான் இருக்க வேண்டும்.

“பக்கத்து மேசைக் குப்பியிலிருந்து காரம் எடுத்துச் செய்து பார்” என்றேன். 20.1 வந்தது.

அவரது மேசைக் குப்பியைத் தூக்கிப் பார்த்தோம். சில வாரங்களுக்கு முன் வேறொரு பிரிவுக்குத் தயாரித்து மிஞ்சிய கரைசல்; பாதிக்குமேல் காலியாகி, மூடி சரியாகப் பொருந்தாமல் இருந்தது. இத்தனை நாளும் அது காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சியிருக்கிறது. காரத்தின் ஒரு பகுதி சோடியம் கார்பனேட்டாகியிருக்கிறது. பினாப்தலீனின் முடிவுநிலையில் கார்பனேட் பைகார்பனேட் நிலைவரை மட்டுமே அமிலத்தை ஏற்கும். ஆகவே அதே அமிலத்தை நடுநிலையாக்கக் கூடுதல் கரைசல் செலவாகிறது. இதை ஊகமாக விட வேண்டியதில்லை. இரு சோதனைக் குழாய்களில் இரு குப்பிகளின் கரைசலையும் எடுத்து, பேரியம் குளோரைடு சேர்க்கச் சொன்னேன். புதிய கரைசலில் மங்கலான சாயல் மட்டும் தெரிந்தது. பழைய கரைசல் பால்போல் வெளுத்தது. பேரியம் கார்பனேட். அம்மாணவி குழாயை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். “அப்படியென்றால் 22.4 சரி” என்றார். அவர் அதைச் சொன்ன விதத்தில் வெற்றிப் பெருமிதமில்லை. ஒரு பாரம் இறங்கிய அமைதி இருந்தது.

இத்துடன் முடிந்திருந்தால் இது இனிய நிகழ்ச்சி. முடியவில்லை. அக்குப்பியைப் பயன்படுத்தியவர்கள் அம்மேசையில் எட்டுப் பேர். மற்ற ஏழு நோட்டுகளிலும் 20.0, 20.1, 20.2 என்றே இருந்தன. அக்கரைசலிலிருந்து அவ்வெண்கள் வர வழியே இல்லை. பியூரெட்டில் இரு கோடுகளுக்கிடையே 0.1 மில்லி லிட்டர். ஒரு துளியே ஏறத்தாழ 0.05 மில்லி லிட்டர் இருக்கும். உண்மையாகப் படிக்கும் கைகளின் எண்களில் சிறு சிதறல் இருந்தே தீரும். அந்த ஏழு நோட்டுகளின் எண்கள் அவ்வளவு ஒழுங்காக இருந்தன. எட்டுப் பேரின் கையிலும் பியூரெட் ஒரே உண்மையைக் காட்டியது. அது எழுத்தில் பதிந்தது ஒரு நோட்டில் மட்டும். அச்சிட்ட முறைப்படி, குறைந்த மதிப்பெண் பெற வேண்டியதும் அந்நோட்டுத்தான்.

பொறுப்புப் பேராசிரியரிடம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார், குழாய்களையும் பார்த்தார். அம்மாணவிக்கு முழு மதிப்பெண் அளித்தார். மற்ற எழுவரைப் பற்றிச் சற்று நேரம் யோசித்துவிட்டு, “அவர்களைத் தண்டித்தால் நாம் கற்பித்ததைத் தண்டிப்பதாகும்” என்றார். அவர் கூற்றோடு நான் உடன்படுகிறேன். அந்த எழுவர் பொய்யர்கள் அல்லர். செய்யாத சோதனையின் முடிவை அழகாக எழுதப் பள்ளியில் கற்றவர்கள். எதிர்பார்த்த எண்ணுக்கு நெருங்குவதே திறமை என்று கல்லூரியின் சுவரில் ஒட்டப்பட்டிருப்பதைப் படித்தவர்கள். அவர்களுள் சிலர் நாளை ஆய்வாளராவர். மருந்து ஆலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் அமர்வர். குடிநீரின் தரத்தை அளப்பர். அன்று ஒரு குப்பி கெட்டிருந்தால் அதை யார் எழுதுவார்?

வேதியியலின் வரலாறு இவ்விடத்தில் நமக்கு உதவும். 1785இல் ஹென்றி கேவண்டிஷ் காற்றில் மின்பொறி செலுத்தி நைட்ரஜனை முற்றிலும் நீக்க முயன்றார். எவ்வளவு முயன்றும் சிறு குமிழி ஒன்று எஞ்சியது. மொத்தத்தில் 120இல் ஒரு பங்குக்கு மேற்படாது என்று எழுதிவைத்தார். நூறாண்டுக்குப் பின் ராலே நைட்ரஜனின் அடர்த்தியை அளந்தார். காற்றிலிருந்து பிரித்த நைட்ரஜன் அவரது கண்ணாடிக் கோளத்தில் ஏறத்தாழ 2.310 கிராம் நிறுத்தது. சேர்மங்களிலிருந்து தயாரித்த நைட்ரஜன் ஏறத்தாழ 2.299 கிராம். அரை விழுக்காட்டளவே வேறுபாடு. அவர் அதைச் சரிசெய்து மறைக்கவில்லை. 1892இல் நேச்சர் இதழில் மடல் எழுதி, இதற்குக் காரணம் என்னவாக இருக்கலாம் என்று வேதியியலாரிடம் வெளிப்படையாகக் கேட்டார். அவ்வேறுபாட்டைப் பின்தொடர்ந்தே அவரும் ராம்சேயும் ஆர்கானைக் கண்டறிந்து 1894இல் அறிவித்தனர். 1904இல் ராலேக்கு இயற்பியலிலும் ராம்சேக்கு வேதியியலிலும் நோபல் பரிசு கிடைத்தது. நாம் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் ஏறத்தாழ ஒரு விழுக்காடு ஆர்கான். எங்கள் சுவரில் ஒட்டிய மதிப்பெண் முறை 20இல் 0.2 வரை, அதாவது ஒரு விழுக்காடு வரை, ஏற்றுக்கொள்ளும். ராலேயின் வேறுபாடு அதற்குள் அடங்கிவிடும்.

அவ்வளவு தொலைவு போக வேண்டியதில்லை. இந்நகரில் ஆச்சாரிய பிரபுல்ல சந்திரர் பெயரில் நெடுஞ்சாலை ஒன்றுண்டு. 1896இல், மாநிலக் கல்லூரியாகிய இங்குள்ள பிரெசிடென்சியில், நீர்த்த நைட்ரிக் அமிலத்தைப் பாதரசத்தோடு சேர்த்துவைத்தபோது எதிர்பாராத மஞ்சள் படிகங்கள் தோன்றியதைக் கண்டார் பிரபுல்ல சந்திர ராய். இது இங்கே வரக்கூடாதே என்று கொட்டிவிடாமல் பகுத்துப் பார்த்தார். மெர்க்குரஸ் நைட்ரைட் என்ற சேர்மம் அவ்வாறே அறியப்பட்டது. அச்சாலை வழியாகப் பேருந்தில் வந்து இறங்கும் மாணவர்கள்தாம் எங்களிடம் “எவ்வளவு வர வேண்டும்?” என்று கேட்கின்றனர்.

இதை மாற்றப் புதிய கருவிகளோ நிதியோ தேவையில்லை. நாங்கள் இப்பருவத்தில் தொடங்கியிருப்பவை சில. மேசைதோறும் காரத்தின் செறிவைச் சிறிது வேறுபடுத்தி வைக்கிறோம். ஆகவே எல்லோருக்கும் பொதுவாக ‘வர வேண்டிய’ எண் என்று ஒன்று இல்லை. குப்பிகளுக்கு எண்ணும் தயாரித்த நாளும் எழுதுகிறோம். மாணவர் தாம் பயன்படுத்திய குப்பியின் எண்ணை நோட்டில் குறிக்க வேண்டும். அளவீடுகளைப் பேனாவில் மட்டுமே எழுத வேண்டும். தவறெனத் தோன்றினால் ஒரே கோட்டால் அடித்துக் காரணத்தை அருகில் எழுதலாம். மதிப்பெண்ணில் ஒரு பகுதி, மீளச் செய்யும்போது வரும் எண்கள் தமக்குள் ஒத்திருப்பதற்கு. ஒரு பகுதி, எண் விலகினால் அதன் காரணத்தைத் தேடியதற்கு. இறுதியில் ஒரு வரி: இன்று நான் எதிர்பாராதது என்ன? ஒன்றுமில்லை என்று எழுதினாலும் குறைவில்லை. விளக்கத்தை வங்காளத்திலோ இந்தியிலோ எழுத விரும்புவோர் எழுதலாம்.

இதில் இடர்களும் உள. மேசைக்கொரு செறிவு என்றால் ஆய்வக உதவியாளருக்கு வேலை கூடுகிறது; திருத்த எங்களுக்கும் நேரம் கூடுகிறது. செய்முறைத் தேர்வின் விதிகள் பல்கலைக்கழகத்தின் கையில் இருப்பதால், பருவ இறுதியில் பழைய முறைக்கே மாணவர் திரும்ப வேண்டியிருக்கும். ஒரு பருவப் பழக்கம் அதற்கு முன் நிலைக்குமா என்பது இனித்தான் தெரியும். ஆயினும் ஒரு மாற்றத்தைக் காண்கிறேன். சென்ற வாரம் எதிர்பாராதது என்ற வரியின் கீழ் ஒருவர் எழுதியிருந்தார்: இளஞ்சிவப்பு நிறம் வந்த பின், குடுவையை அப்படியே வைத்திருந்தால் சில நிமிடங்களில் மறைந்துவிடுகிறது, ஏன்? காற்றின் கார்பன் டை ஆக்சைடுதான் காரணம். கெட்ட குப்பியின் கதையும் அதுவே. அவருக்கு நான் விடை எழுதவில்லை. பேரியம் குளோரைடு எந்த அலமாரியில் இருக்கிறது என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

பள்ளியிலும் கல்லூரியிலும் ஆய்வகம் நடத்தும் நண்பர்கள் இப்பதிவைப் படித்தால் ஒரு வேண்டுகோள். உங்கள் மதிப்பெண் முறையில், எதிர்பார்த்த எண்ணிலிருந்து விலகிய நேர்மையான அளவீட்டுக்கு எவ்வளவு மதிப்பெண் இருக்கிறது என்று ஒருமுறை கணக்கிட்டுப் பாருங்கள். வேறு வழிகளைச் செய்து பார்த்தவர்கள், அவை பலிக்காவிட்டாலும், கீழே எழுதுங்கள். எங்களுக்கு அடுத்த சோதனை பெர்மாங்கனேட். முதல் துளி ஏன் தயங்குகிறது என்பதை இம்முறை மாணவர்களே கண்டு கேட்கும்படி அமைக்க வேண்டும். அதற்கான யோசனைகளும் தேவை.